ஆடிப்பட்டம் இங்கே செல்லாது

வளைகுடா நாடுகளில் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் காய்கறி போடுகிறவர்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஷார்ஜாவில் இருபது வருஷமாகத் தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவள் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். விவசாயக் கல்லூரிப் படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது, செத்துப்போன செடிகள்தான் சொல்லிக்கொடுத்தன.

அக்கா, ஊரில் அம்மா "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று கத்தரி, தக்காளி, அவரை மூன்றும் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசாக இருக்குமோ?
– ஷார்ஜா வாசகி

விதையைத் திட்டாதீர்கள். அம்மாவையும் திட்டாதீர்கள். அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே ஆடியில் காற்று அடித்து, சூடு தணிந்து, மழைக்கு வழி தெரியும். இங்கே ஆடி என்பது வருஷத்திலேயே மோசமான நாற்பது நாட்களில் ஒரு பகுதி, வெயில் 45 டிகிரியைத் தொடுகிறபோது தொட்டி மண்ணின் மேல்தோல் அதைவிடவும் கூடுதலாகச் சுடும், அதில் விதை முளைப்பதற்குப் பதில் வறுபட்டுப்போகும். குவைத்தில் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானதை உலக வானிலை அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதுவும் ஆடி மாதம்தான்!

இங்குள்ள அரபு விவசாயிகளும் மீனவர்களும் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன்னால் தெற்கு அடிவானத்தில் சுஹைல் என்ற நட்சத்திரம் தலைகாட்டும். அன்றிலிருந்து பத்துப் பத்து நாளாக எண்ணிக்கொண்டு போவார்கள், அதற்குத் துரூர் கணக்கு என்று பெயர். சுஹைல் வந்தது என்றால் கோடை முதுகைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்கிறோமே, அதேதான் இந்த சுஹைல். அதனால் அம்மா மறுபடி பட்டம் கேட்டால் "இங்கே அகத்தியர் வந்த பிறகுதான் விதைக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சு வராது.

ஆனால் நட்சத்திரம் தெரிந்த மறுநாளே குளிர்ந்துவிடாது. நான் செய்வது இதுதான்: செப்டம்பர் நடுவில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை நாற்றுத் தட்டில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவேன், ஆட்கள் இருக்கிற அறையில் ஏசி எப்படியும் ஓடும், அந்த மிதமான சூட்டில் விதைக்குச் சுகம். முளை வந்ததும் ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். நாலு, ஐந்து இலை வந்த பிறகு அக்டோபரில் வெளியே. அவரையை நேராகத் தொட்டியிலேயே செப்டம்பர் கடைசியில் ஊன்றலாம், நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும், மார்கழியில் இங்கேயும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். முள்ளங்கி, கேரட், பாலக், கோஸ் எல்லாம் நவம்பருக்குத் தள்ளிப்போடுங்கள்.

தக்காளிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுவிடும், பூ பூவாகவே உதிரும். ஏப்ரல் கடைசியில் "செடி பச்சையாக இருக்கிறது, காய் இல்லை" என்று வருகிற கடிதங்களுக்கு எல்லாம் இதுவே பதில். சின்னக் காய் செர்ரி வகை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதுவும் மே வந்தால் கைவிரித்துவிடும்.

பதினாலாவது மாடியில் இருக்கிறோம். போன பங்குனியில் பீர்க்கங்காய்க் கொடி கம்பியெல்லாம் படர்ந்து மஞ்சளாகப் பூத்தது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?
– துபாய் வாசகர்

உரம் இல்லை சார், வண்டு இல்லை. பதினாலு மாடி ஏறி உங்கள் பீர்க்கங்காய்க்காக எந்தத் தேனீ வரப்போகிறது? பூசணி வகைக் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவுக்கு அடியில் பிறக்கும்போதே ஒரு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். பீர்க்கில் ஆண்பூக்கள் ஒரே தண்டில் கொத்தாக வரும், பெண்பூ தனியாக. மகரந்தம் சேராத குட்டிக் காய் நாலு நாள் ஏமாற்றிவிட்டு வாடும். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

கையால் சேர்த்துவிடுவது என்ன பெரிய வித்தை, ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்தால் முடிந்தது. ஒரு ஆண்பூ இரண்டு, மூன்று பெண்பூவுக்குப் போதும். ஆனால் எல்லாரும் தவறுவது நேரத்தில். காலையில் காபி டம்ளரோடு போய்த் தேய்த்துவிட்டுக் காய்க்கவில்லை என்பார்கள். பீர்க்கு சாயங்காலம் பூக்கிற செடி! ஐந்து மணிக்கு மேல்தான் விரியும், ஆபீஸிலிருந்து வந்ததும் அதைப் பாருங்கள். சுரைக்காயும் புடலையும் அப்படித்தான், வெள்ளைப் பூக்காரிகள், அந்தி சாய்ந்து பூப்பார்கள். பாகல், வெள்ளரி, பூசணி மூன்றும் அதிகாலை, ஒன்பது மணிக்கு மேல் போனால் வேலைக்காகாது. இன்னொரு வேடிக்கை, இதே பீர்க்குக் குடும்பத்தில் தேய்த்துக் குளிக்கிற நுரைப்பீர்க்கு மட்டும் காலையில் பூக்கும். கடையில் விதை மாற்றிக் கொடுத்துவிட்டால் நீங்கள் சாயங்காலம் காத்திருந்து ஏமாறுவீர்கள், காயில் வரி எடுப்பாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டுமே வரும், பயப்பட வேண்டாம். சூடு ஏற ஏற, பகல் நீள நீள ஆண்பூ கூடிக்கொண்டே போய்ப் பெண்பூ குறையும், அதனால் பங்குனிவரை காத்திருக்காமல் பிப்ரவரி தொடக்கத்திலேயே விதை ஊன்றிவிடுங்கள். இல்லையென்றால் இப்போதே, செப்டம்பரிலேயே போட்டால் தீபாவளிக்குப் பிறகு காய்.

குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. இதைச் செடிக்கு ஊற்றலாமா?
– அபுதாபி வாசகி

கூடவே கூடாது. நமக்கே கை சுடுகிறது, வேருக்கு எப்படி இருக்கும்? மாடித் தொட்டியில் நாள் முழுக்க வெயிலில் கிடந்த தண்ணீர் அது. கோடையில் இங்கே பழைய ஆட்கள் செய்கிற வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் பிடிப்பார்கள், ஹீட்டர் பானை வீட்டுக்குள் ஏசி நிழலில் இருப்பதால். செடிக்கும் அதையே பிடியுங்கள். இல்லாவிட்டால் இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துக் காலையில் விடியும் முன் ஊற்றுங்கள். தோட்டக் குழாய் வைத்திருப்பவர்கள் முதலில் குழாய்க்குள் நிற்கிற கொதிநீரை வெளியே விட்டுவிட்டுத்தான் செடிப் பக்கம் திருப்ப வேண்டும். நான் ஒருமுறை மறந்து, மூன்று மாத மிளகாய்ச் செடியை அரை நிமிஷத்தில் அவித்து எடுத்தேன்.

ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், உப்பே இல்லாத தண்ணீர், கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் கூடிய மாதங்களில் ஒரு நாளைக்கு வாளிக் கணக்கில் வரும். அதில் சத்தும் எதுவும் இல்லை, உரம் தனியாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஏசியின் வெளி யூனிட் பால்கனியிலேயே இருந்தால் அது ஊதுகிற திசையில் ஒரு தொட்டிகூட வைக்காதீர்கள். அது ஹேர் டிரையரைச் செடி முகத்தில் பிடிப்பது மாதிரி.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி இங்கே எமன். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்றால் ஒரு பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி வையுங்கள், வெயில் வெளித் தொட்டியோடு நிற்கும். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோலோ தேங்காய் மட்டை நாரோ மூடாக்கு. பாதி வெயிலைத் தடுக்கிற பச்சை நிழல்வலை ஒன்று கட்டிவிட்டால் ஏப்ரலை மே வரை இழுக்கலாம்.

தோஹாவில் கறிவேப்பிலை வைத்து இரண்டு வருஷம். கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. புளித்த மோர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன், எறும்புதான் வந்தது. ஊரிலிருந்து வேறு செடி கொண்டுவந்துவிடட்டுமா?
– கத்தார் வாசகி

எறும்பு வந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளம், புது இலை மஞ்சள் நரம்பு பச்சை, இரும்புச்சத்துக் குறைவுக்கு உரியது. இந்த ஊர் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மணலில் பாதிக்கு மேல் சிப்பியும் சுண்ணாம்பும், கார அளவு (pH) எட்டைத் தாண்டி நிற்கும், அந்தச் சுண்ணாம்பு இரும்பைப் பூட்டி வைத்துக்கொண்டு வேருக்குக் கொடுக்காது. நம் ஊர்ச் செம்மண்ணில் வளர்ந்த கறிவேப்பிலைக்கு இது புரியாத மண்.

மோர் புளிப்புதான், யோசனை தப்பில்லை, ஆனால் ஒரு டம்ளர் மோர் ஒரு தொட்டிச் சுண்ணாம்பை என்ன செய்துவிடும்? நர்சரியில் இரும்பு உரம் கேளுங்கள், பொட்டலத்தில் இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) என்று போட்டிருக்க வேண்டும். இ.டி.டி.ஏ. (EDTA) என்று இருந்தால் வாங்காதீர்கள், அது இந்தக் கார மண்ணில் நிற்காது. சிவப்புத் தூள், தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் புதுக் கொழுந்து பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கும், அதைக் கிள்ளி ரசத்தில் போட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை தொட்டி மாற்றும்போது ஊர் மணலைக் குறைத்து, தேங்காய் நார்த் தூளும் மட்கிய உரமும் கூட்டுங்கள். 5 கிலோ நார்க்கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் வரும். அதை அப்படியே போட்டுவிடாமல் இரண்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், சில கட்டியில் உப்பு தூக்கலாக இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அதுவும் உப்பு. மாதம் ஒருமுறை அடித்துளை வழியாகத் தாராளமாக ஓடுகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஊரிலிருந்து செடி மட்டும் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை ஒழிக்கிற நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி ஒன்று கறிவேப்பிலையில் குடியிருக்கும், அதனால்தான் பல நாடுகளில் கறிவேப்பிலைச் செடியைக் கண்டாலே விமான நிலையத்தில் பிடிக்கிறார்கள். உரிய அனுமதி இல்லாமல் வேரும் மண்ணுமாகப் பெட்டியில் வைத்து வருவது வம்பு. உள்ளூர் நர்சரியிலேயே நல்ல செடி கிடைக்கிறது.

மல்லி முளைக்கவே மாட்டேன் என்கிறது.
– மஸ்கட் வாசகர்

எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனாலும் நவம்பருக்கு முன்னால் போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். மளிகைக் கடைக் கொத்தமல்லி விதையே போதும், உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பதினைந்து நாளைக்கு ஒரு தொட்டியாகப் போடுங்கள். மார்ச்சில் பூக்க ஆரம்பித்துவிடும், தடுக்க முடியாது.

அக்கா, அபுதாபி முசஃபாவில் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறேன். ஒரு அறையில் ஆறு பேர். சமையல் கூடத்துக்குப் பின்னால் சுவரோரம் கொஞ்சம் இடம் இருக்கிறது, சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார். காசு செலவில்லாமல் என்ன போடலாம்?
– ராமநாதபுரத்துக்காரர்

தம்பி, முதலில் அந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். கிழக்குச் சுவர் என்றால் அதிர்ஷ்டம், காலை வெயில் மட்டும் கிடைக்கும். மேற்கு என்றால் மதியத்துக்கு மேல் பழைய போர்வையோ சாக்கோ கட்டி மறைக்க வேண்டும்.

தொட்டி வாங்க வேண்டாம். காலியான அரிசிச் சாக்கின் வாயைக் கீழே மடித்துப் பாதி உயரமாக்கி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டால் அருமையான பை. வெயிலில் ஒரு வருஷத்தில் நைந்துபோகும், அதற்குள் அடுத்த சாக்கு வந்துவிடுமே. எண்ணெய் டின் என்றால் சுற்றிலும் சணல் கோணி சுற்றுங்கள், தகரம் சுடும். மண்ணுக்கு மட்டும் ஒரு மூட்டை உரமண் வாங்கித்தான் ஆக வேண்டும், ஆறு பேர் பங்குபோட்டால் ஆளுக்கு ஒரு டீக் காசுதான் வரும். கேம்ப்பில் வெங்காயத்தோலும் முட்டை ஓடும் எவ்வளவு விழும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு மூடியிட்ட வாளியில் காய்ந்த இலையோடு அடுக்கி வைத்தால் மூன்று, நாலு மாதத்தில் உரம். மீன் கழிவு, சோறு போடாதீர்கள், எலியும் பூனையும் வரும், பிறகு சூப்பர்வைசரும் வருவார்.

விதை உங்கள் சமையல் கூடத்திலேயே இருக்கிறது. வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் முளை, மூன்று வாரத்தில் கீரை. புதினாக் கட்டு வாங்கினால் தடித்த தண்டுகளை எறியாமல் தண்ணீரில் நிறுத்துங்கள், பத்து நாளில் வேர்விடும். வற்றல் மிளகாயை உதறினால் விழுகிற விதையும் பெரும்பாலும் முளைக்கும். கோடைக்குக் கீரை வேண்டுமென்றால் கொடிப்பசலை, பருப்புக்கீரை இரண்டும் தாங்கும், இந்த ஊரில் பருப்புக்கீரை நடைபாதை ஓரத்திலேயே தானாக முளைத்துக் கிடக்கும், ஆனால் அங்கே பறிக்காதீர்கள், எந்த மருந்து அடித்திருப்பார்களோ. முதல் அறுவடைப் பருப்புக்கீரைக் கடையலுக்கு அந்த ஆறு பேரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுத வேண்டும்.

அல் ஐனில் வில்லா. ஒவ்வொரு வருஷமும் ஜூலை, ஆகஸ்ட் ஊருக்குப் போகிறோம். திரும்பி வந்தால் தோட்டம் சுடுகாடு. இந்த வருஷமும் அதே கதை.
– அல் ஐன் வாசகி

எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று போவதற்கு முன்னால் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தக்காளி, வெள்ளரி, கீரை இவையெல்லாம் ஜூனில் முடிந்த கதை, பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அழுத்திவிட்டு விமானம் ஏறுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் அந்தச் சூட்டில் மண்ணுக்குள் இருக்கிற நூற்புழுவும் களை விதையும் வெந்துபோகும். இவ்வளவு நாள் நம்மை வதைத்த வெயில் ஒருமுறை நமக்காக வேலை செய்யட்டுமே. கறுப்புத் தாள் போடாதீர்கள், அதில் இவ்வளவு சூடு உள்ளே இறங்காது.

கத்தரியும் மிளகாயும் ஒரு வருஷத்தோடு முடிகிற செடிகள் இல்லை. அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, நிழல்வலைக்கு அடியில் சேர்த்து வைத்து, பேட்டரி டைமர் போட்ட சொட்டுக்குழாய் கொடுங்கள், விடியலில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. டைமரைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி ஓட்டிப் பாருங்கள். கிளம்புகிற அன்று மாட்டிவிட்டுப் போன ஒரு வீட்டில் இணைப்புக் கழன்று, பாத்தி காய்ந்து, தண்ணீர் பில் மட்டும் பச்சையாக வளர்ந்தது (அந்த வீடு எங்கள் வீடு). நிலத்தில் வைத்த செடிக்கு மெருகேற்றாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவைப்பதும் நல்ல வழி, பானை கசிந்து வேருக்கு ஈரம் கொடுக்கும், ஆனால் சில நாளுக்கு ஒருமுறை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வில்லாக் காவலாளியிடம் சொல்லி, வரும்போது அவருக்கு ஓர் அல்வாப் பொட்டலம்.

முருங்கை நிலத்தில் ஊன்றி ஒரு வருஷம் ஆகிவிட்டால் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அது நம்மைவிடத் தைரியசாலி.

இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பதற்குச் சந்தையில் வாங்கினால் மலிவுதானே?
– குவைத் வாசகர்

ஆமாம், மலிவுதான். மண், தொட்டி, வலை, தண்ணீர் எல்லாம் கூட்டினால் என் முதல் வருஷத் தக்காளி ஒன்று ஒரு பிரியாணி விலை. கீரை, புதினா, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் நாலில் மட்டும் காசு திரும்பும், மற்றதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

உங்கள் பால்கனியில் இப்போது என்ன காய்த்திருக்கிறது அக்கா? போட்டோ போடுங்களேன்.
– பலர்

போடலாம், ஆனால் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வெட்டிவிட்ட கத்தரிக் கட்டைகள் மூன்று, அதில் ஒன்றில் நேற்றுதான் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளிர். கற்பூரவல்லி ஒரு தொட்டி, பிரண்டை ஒரு தொட்டி, இவை இரண்டும் எதற்கும் அசையாது. மீதிப் பதினொன்றும் கழுவிக் கவிழ்த்து வைத்த காலித் தொட்டிகள். நாற்றுத் தட்டு வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக்காரர் ரிமோட்டை அதன்மேல் வைக்கக் கூடாது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.